முட்டத்தில் நின்று லேசர் சுட்டால் படகில் படுமா? அறிவியல் புனைவுப் பாத்திர விளையாட்டுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முட்டம் கலங்கரை விளக்கத்தின் மேல்தட்டில் ஒரு பாத்திரம் குப்புறப் படுத்திருக்கிறது. கையில் லேசர் ரைபிள். கடலில் 3 கிலோமீட்டர் தள்ளி ஒரு கடத்தல் விசைப்படகு. ஆனி மாதம், சாரல் விடாமல் அடிக்கிறது. "மக்கா, சுட்டுட்டேன். பட்டுச்சா?"

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் நடக்கும் பாத்திர விளையாட்டில் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம்) வந்த கேள்வி இது. 2190இல் குமரி மாவட்டம் எப்படி இருக்கும் என்று நாங்களே கற்பனை செய்து ஆடும் கதை. பகடையில் ஆறு விழுந்தது, படகு தீப்பிடித்தது என்று சொன்னேன். சுட்டவருக்கே அதில் நிறைவு இல்லை. குளச்சலிலிருந்து வரும் தங்கச்சி ஒருத்தி, கடல் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை, கேட்டாள்: "அண்ணே, இந்த மழையில கரை லைட்டே படகுக்குத் தெரியாது. கதிர் மட்டும் எப்படிப் போகும்?"

அந்தக் கேள்விதான் என்னைக் கணக்குப் போட வைத்தது. லேசர் என்பது வெளிச்சம். வெளிச்சத்துக்கு என்னென்ன கட்டுப்பாடு உண்டோ அத்தனையும் லேசருக்கும் உண்டு. அவற்றை ஆட்டத்துக்குள் கொண்டு வந்தால் ஒவ்வொரு இடமும், ஒவ்வொரு பருவமும், பகலும் இரவும் வேறு வேறு சண்டையைத் தரும். கீழே இருக்கும் படிகளைத்தான் இப்போது எங்கள் மேசையில் பின்பற்றுகிறோம். எந்த விதிப்புத்தகத்தை வைத்து ஆடினாலும் இவற்றைப் பொருத்திக்கொள்ளலாம். கணக்குகள் எல்லாம் தோராயமானவை, ஆனால் மேசைக்குப் போதும்.

படி 1: ஜூல் கணக்கைக் கைவசப்படுத்துங்கள்

ஆயுதத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன் சில எண்களை மனத்தில் பதிய வையுங்கள். ஆற்றலை அளக்கும் அலகு ஜூல், ஆயிரம் ஜூல் ஒரு கிலோஜூல். 1 கன சென்டிமீட்டர் தண்ணீரை உடல் வெப்பத்திலிருந்து முழுக்க ஆவியாக்க ஏறத்தாழ 2.5 கிலோஜூல் வேண்டும். தசையில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் தசைக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். 5.56 மில்லிமீட்டர் ரைபிள் தோட்டா குழலை விட்டுப் புறப்படும்போது அதில் இருப்பது சுமார் 1.7 கிலோஜூல். 5000 மில்லியாம்பியர் மணி பேட்டரி உள்ள கைப்பேசியில் 69 கிலோஜூல் அளவுக்கு ஆற்றல் அடைந்திருக்கிறது.

கடைசி எண்ணை இன்னொரு முறை பாருங்கள். சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியில் நாற்பது தோட்டாக்களின் ஆற்றல் இருக்கிறது. ஆகவே ஆற்றலைச் சேர்த்து வைப்பது பெரிய தடை அல்ல. அதை ஒரு கணத்தில் வெளியே எடுப்பதும், ஒரு புள்ளியில் குவிப்பதும்தான் தடை.

எங்கள் ஆட்டத்தின் ரைபிள் ஒரு முறைக்கு 5 கிலோஜூல் ஒளியை வெளியிடும் என்று வைத்தோம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

படி 2: துளையா, சுடுபுண்ணா?

5 கிலோஜூல் 2 கன சென்டிமீட்டர் தசையை ஆவியாக்கும். அந்த 2 கன சென்டிமீட்டர் எந்த வடிவத்தில் போகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கதிர் 3 மில்லிமீட்டர் அகலத்தில் விழுந்தால், கணக்குப்படி 28 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளை போகும். ஆளைக் கடந்து மறுபக்கம் வெளியே வரும் ஆழம் அது. அதே கதிர் 3 சென்டிமீட்டர் அகலத்தில் விழுந்தால் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தோல் கருகும். வலி உயிர் போகும், ஆனால் ஆள் ஓடிவிடுவார். அகலம் பத்து மடங்கானால் ஆழம் நூறில் ஒரு பங்கு. இதை மேசையில் இருக்கும் எல்லோரும் புரிந்துகொண்டால் பாதி வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நிஜத்தில் துளை அவ்வளவு சுத்தமாக அமையாது. ஆவியும் புகையும் துளைக்குள்ளிருந்து கிளம்பி, பின்னால் வரும் ஒளியை மறைக்கும். மொத்த ஆற்றலையும் ஒரே அடியாகக் கொட்டினால் பட்ட இடத்தில் மின்னேற்றம் பெற்ற கொதிவாயுவான பிளாஸ்மா உருவாகி அதுவே தடுப்புச் சுவர் ஆகிவிடும். அதனால் நம்பத்தகுந்த லேசர் ரைபிள், ஆயிரக்கணக்கான சிறு துடிப்புகளை மிகச் சிறிய இடைவெளி விட்டு வரிசையாக அனுப்பும். ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் தோண்டும், ஆவி விலகும், அடுத்தது உள்ளே போகும். ஒட்டுமொத்தமும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடியும்.

இன்றைய போர் லேசர்கள் இப்படிப்பட்டவை அல்ல. அவை இலக்கின் மேல் சில நொடிகள் நின்று எரிப்பவை. 2014இல் அமெரிக்கக் கடற்படை தன் பான்ஸ் கப்பலில் பொருத்தியது 30 கிலோவாட், அதாவது நொடிக்கு 30 கிலோஜூல். நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. 2025 ஏப்ரல் 13 அன்று கர்நூலில் சோதித்துக் காட்டியதும் 30 கிலோவாட் வகைதான். ஆளில்லா விமானங்களை வீழ்த்த அது போதும். 30 கிலோவாட் கதிரை 5 சென்டிமீட்டர் அகலப் புள்ளியில் நிறுத்தினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரைக் கிலோவாட் விழும். ஆட்டத்தில் இந்த வகைக்கு ஒரு தனி விதி வையுங்கள்: இலக்கை ஒரே இடத்தில் பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் சேதம் ஏறும், பிடி நழுவினால் மறுபடி முதலிலிருந்து. திரும்பித் திரும்பி ஓடும் படகுக்கும் சுழலும் ஏவுகணைக்கும் இதனால் ஒரு நியாயமான தப்பிக்கும் வழி கிடைக்கும்.

படி 3: லேசரின் கண் எவ்வளவு அகலம்?

சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தின் வாய்ப்பக்கம் நின்று அலையைக் கவனித்திருக்கிறீர்களா? வெளியே நேர்வரிசையாக வரும் அலை, வாய் வழியாக உள்ளே நுழைந்ததும் விசிறி போல விரியும். வாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு விரிவு. ஒளியும் அலைதான். பள்ளிப் பாடத்தில் படித்த விளிம்பு விளைவு இதுவே. மெல்லிய குழலிலிருந்து வரும் லேசர் ஊசிபோல் நேராகப் போகும் என்ற நம்பிக்கையை இந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். குறுகிய வாயிலிருந்து வரும் கதிர்தான் அதிகம் விரியும்.

சூத்திரம் எளிது. புள்ளியின் அகலம் என்பது 2.44, அலைநீளம், தூரம் ஆகிய மூன்றையும் பெருக்கி லென்ஸின் அகலத்தால் வகுத்தால் வருவது. 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகச்சிவப்பு ஒளி, 10 சென்டிமீட்டர் லென்ஸ், 1 கிலோமீட்டர் தூரம் என்றால் 2.4 சென்டிமீட்டர். தூரம் இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கும். லென்ஸை இரட்டித்தால் பாதியாகும். அகச்சிவப்புக்குப் பதில் அரை மைக்ரான் பச்சை ஒளியை எடுத்தாலும் பாதியாகும். இது ஒளி இயற்கையாகவே விதிக்கும் எல்லை. எவ்வளவு நல்ல தொழில்நுட்பமும் இதற்குக் கீழே போகாது, மோசமான லேசர் இதைவிட அதிகமாகவே விரியும்.

மேசையில் பெருக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் நாங்கள் இதை ஒரே வரியாகச் சுருக்கினோம்: லென்ஸின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 20 மீட்டர் கூர் எல்லை. அந்தத் தூரம் வரை புள்ளி 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 2 சென்டிமீட்டர் லென்ஸ் கைத்துப்பாக்கிக்கு 40 மீட்டர். 5 சென்டிமீட்டர் ரைபிளுக்கு 100 மீட்டர். அரை மீட்டர் கண்ணாடி வைத்த கோபுர லேசருக்கு 1 கிலோமீட்டர்.

இதிலிருந்தே ஆயுதத்தின் தோற்றமும் வந்துவிடுகிறது. கல்யாண வீட்டில் போட்டோக்காரர் தூக்கிக்கொண்டு நடக்கும் பெரிய லென்ஸ் வைத்த கேமராதான் லேசர் ரைபிளுக்கு நெருங்கிய உறவு. அது சுடுவதற்கு முன் தூரத்தை அளந்து, குவியத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்த லென்ஸை உப்புக்காற்றிலிருந்து காப்பாற்றவும் வேண்டும். கடற்கரையில் ஒரு மணி நேரம் நின்றால் மூக்குக்கண்ணாடியில் படியும் உப்புப் பிசுக்கு நமக்குத் தெரியும். சக்தி வாய்ந்த லேசரின் லென்ஸில் அப்படி ஒரு கறை இருந்தால், கறை ஒளியை வாங்கிச் சூடாகி லென்ஸே விரிந்து வெடிக்கலாம். எங்கள் ஆட்டத்தில் கடலோரக் காட்சி தொடங்கும்போது "லென்ஸைத் துடைத்தாயா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. துடைக்காதவர் பகடையில் ஒன்று விழுந்தால், ரைபிள் போச்சு.

படி 4: மின்சாரம் எங்கிருந்து, வெப்பம் எங்கே?

மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒளியாக மாறினால் நல்ல லேசர். இன்றைய ஃபைபர் லேசர்கள் அந்த அளவை எட்டிவிட்டன. அப்படியானால் 5 கிலோஜூல் ஒளிக்கு 15 கிலோஜூல் மின்சாரம், மீதி 10 கிலோஜூல் ஆயுதத்துக்குள்ளேயே வெப்பம். கைப்பேசி பேட்டரியில் நாலு முறை சுடலாம். ஒரு கிலோ லித்தியம் அயான் பேட்டரியில் 60 முறை. ஆனால் பேட்டரி அவ்வளவு வேகமாகக் கக்காது. இடையில், மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே கணத்தில் கக்கும் மின்தேக்கி வேண்டும். இன்றைய துடிப்பு மின்தேக்கிகள் ஒரு கிலோ எடைக்கு ஓரிரு கிலோஜூல்தான் பிடிக்கும். அதாவது இன்றைக்கு இந்த ரைபிளைச் செய்தால் மின்தேக்கி மட்டுமே பத்துக் கிலோவைத் தாண்டிவிடும். 2190இல் அது இலேசாகிவிட்டது என்று நாம் அனுமதிக்கலாம். ஒரே ஒரு கற்பனைச் சலுகை, அதையும் எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிடுங்கள்.

1977இல் வந்த டிராவலர் என்ற விண்வெளிப் பாத்திர விளையாட்டில் லேசர் ரைபிளுக்கு முதுகில் சுமக்கும் மின்பொதி உண்டு. அது நல்ல முன்மாதிரி. பொதியைச் சுமப்பவர் யார், கம்பி அறுந்தால் என்ன ஆகும், பாறைச் சரிவில் ஏறும்போது எடை எவ்வளவு இழுக்கும் என்று கதைக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும்.

வெப்பத்துக்கு வருவோம். பெரும்பாலான ஆட்டங்கள் கைவிடும் இடம் இது, எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். ரைபிளில் 2 கிலோ அலுமினியம் இருந்தால் ஒரு முறை சுடுவதற்கு 5 டிகிரிக்கு மேல் ஏறும். பத்து முறை விடாமல் சுட்டால் ஐம்பது டிகிரிக்கு மேல். கை வைக்க முடியாது, உள்ளே இருக்கும் கண்ணாடிகள் வளைந்து குவியம் கெடும். தீர்வு தண்ணீர். பத்து முறை சுட்ட வெப்பத்தை எடுக்க 40 கிராம் தண்ணீர் ஆவியானால் போதும், டீ கிளாஸில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த ஆவி வெள்ளையாகப் புஸ்ஸென்று வெளியே வரும்போது நீங்கள் ஒளிந்திருக்கும் ரப்பர் தோட்டத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கதிர் கண்ணுக்குத் தெரியாது, நீராவி தெரியும்.

பெரிய லேசர்களுக்கு மின்சாரம் பற்றி நம் மாவட்டத்தில் கவலைப்பட வேண்டாம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனவர்களுக்குக் காற்றாலைக் காடு தெரியும். 30 கிலோவாட் ஒளி தரும் லேசருக்கு 90 கிலோவாட் மின்சாரம் என்றால், 2 மெகாவாட் காற்றாலை ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது இருபது லேசர்களைத் தாங்கும். ஆனால் காற்றுக் காலம் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரைதான். எங்கள் கதையில் கணவாயைப் பிடித்து வைத்திருக்கும் கூட்டத்தின் பலம் மார்கழியில் குறைந்துவிடுவது இதனால்தான்.

படி 5: வானிலையைக் கேட்காமல் சுடாதீர்கள்

குளச்சல் தங்கச்சியின் கேள்விக்கான பதில் இங்கே. வானிலைத் துறையினர் காண்தூரம் என்று ஒன்று சொல்வார்கள். அந்தத் தூரத்தில் இருக்கும் பொருள் பின்னணியிலிருந்து மங்கலாகப் பிரித்தறியும் அளவுக்கு மட்டும் தெரியும். வழக்கமான வரையறைப்படி அந்தத் தூரத்துக்குள் ஒளி 2 சதவீதமாகத் தேய்ந்துவிடும். லேசருக்கும் இதே தேய்மானம். காண்தூரத்தில் பாதி போனால் 14 சதவீதம் மிஞ்சும். கால் பங்கு போனால் 38 சதவீதம். அகச்சிவப்புக் கதிர் லேசான புகைமூட்டத்தில் கொஞ்சம் மேலாகப் போகும், மழையிலும் அடர்ந்த மூடுபனியிலும் அந்தச் சலுகை இல்லை.

ஆகவே ஆட்டம் நடத்துபவர் காட்சியைத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்: இன்றைக்குக் கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது? தெளிந்த தை மாதக் காலையில் 20 கிலோமீட்டர். ஆனி, ஆடிச் சாரலில் 3 கிலோமீட்டர். ஐப்பசி மழை கொட்டும்போது சில நூறு மீட்டர். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. லேசர்காரருக்கு வருடத்தில் பாதி நாள் சோதனைதான், பழைய தோட்டாத் துப்பாக்கிக்காரருக்கு அந்த நாட்களில் மரியாதை.

மழை இல்லாவிட்டாலும் காற்று சும்மா இருக்காது. நண்பகலில் நான்குவழிச் சாலையின் தார் மேல் கானல் அலைவதைப் பார்க்கிறோம். அந்த அலைச்சல் கதிரையும் அலைக்கழித்துக் குவியத்தைச் சிதறடிக்கும். தரைக்கு மேல் சுடுவதற்கு நல்ல நேரம் சூரியன் உதித்த கொஞ்ச நேரமும் மறைவதற்கு முந்தைய கொஞ்ச நேரமும். கன்னியாகுமரியில் கூட்டம் கூடும் அதே நேரங்கள், இதைக் கதையில் பயன்படுத்துங்கள். கடலுக்கு மேல் பகலிலும் அலைச்சல் குறைவு, ஆனால் உப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிக்கும்.

இன்னொன்று, தொடர்ந்து எரிக்கும் வகைக்கு மட்டும் உரியது. கதிர் போகும் வழியில் உள்ள காற்றைக் கொஞ்சம் சூடாக்கும், சூடான காற்று குழிலென்ஸ் போல வேலை செய்து கதிரை விரித்துவிடும். காற்று அசையாத இடத்தில் இது மோசம். குறுக்கே காற்று வீசினால் சூடான காற்று அகன்று புதுக்காற்று வந்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று தோட்டாவை விலக்கும், ட்ரோனைத் தள்ளாட வைக்கும், ஆனால் கோபுர லேசருக்கு உதவும். எங்கள் குழுவில் இதைக் கண்டுபிடித்த அன்று மூன்று மணி நேரம் கணவாயை விட்டு யாரும் நகரவில்லை.

தென்னந்தோப்பைப் பற்றி ஒரே வரி: ஓலைக்குள் தோட்டா போகும், லேசர் முதலில் ஓலையைத்தான் எரிக்கும்.

படி 6: கண்ணுக்கும் காதுக்கும்

சுத்தமான காற்றில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கதிர் தெரியாது. அகச்சிவப்பு என்றால் எப்படியும் தெரியாது. பச்சை லேசர் சாரலிலும் புகையிலும் கோடாகத் தெரியும், கோயில் கொடையிலும் தேவாலயத் திருவிழாவிலும் புகை போட்டு லேசர் காட்டுகிறார்களே, அதே காரணம். எவ்வளவு அழகாகக் கோடு தெரிகிறதோ அவ்வளவு ஒளி வழியில் வீணாகிறது என்று அர்த்தம்.

சத்தம் துப்பாக்கி முனையில் பெரிதாக இருக்காது, மின்தேக்கியின் சொடுக்கு மட்டும். பட்ட இடத்தில்தான் பட்டென்று வெடிக்கும். பின்னுதைப்பு இல்லை. முன்கணித்துச் சுட வேண்டியதும் இல்லை. 3 கிலோமீட்டரை ஒளி ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கில் கடக்கும், அதற்குள் வேகப்படகு நகர்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று. ஆனால் கை நடுங்கக் கூடாது. குறி பார்க்கும் பகடையை "முன்கணிப்பு" என்பதிலிருந்து "அசையாமை" என்பதற்கு மாற்றுங்கள். ஆடும் படகிலிருந்து சுடுவது கடினம், பாறையில் ஊன்றிச் சுடுவது எளிது.

படி 7: கவசம்

கண்ணாடிச் சட்டை போட்டால் தப்பிக்கலாமா என்று எல்லாக் குழுவிலும் ஒருவர் கேட்பார். 99 சதவீதம் பிரதிபலிக்கும் பரப்பும் 1 சதவீதத்தை வாங்கும். தூசியும் வியர்வையும் பட்டால் அதிகம் வாங்கும். வாங்கிய இடம் கருகியதும் அது கண்ணாடி இல்லை. அலைநீளம் மாறினாலும் பிரதிபலிப்பு மாறும். பெயர்ப்பலகைக் கடையில் லேசர் வெட்டும் இயந்திரத்தைப் பார்த்திருந்தால் புரியும்: நம் கண்ணுக்குப் பளிங்காகத் தெரியும் அக்ரிலிக்கை, கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரான் ஒளி வெண்ணெய் போல அறுக்கிறது. கண்ணுக்குத் தெரியும் குணம் வேறு, அந்த ஒளிக்கு உள்ள குணம் வேறு.

நல்ல கவசம் ஆவியாக மறுப்பது. இரும்பை உருக்க கன சென்டிமீட்டருக்கு 10 கிலோஜூல், முழுக்க ஆவியாக்க 60 கிலோஜூல் போல. கார்பன் அதைவிட இரண்டு மடங்கு. எங்கள் ஆட்டத்தில் பணக்காரக் கூலிப்படை கார்பன் தகடு அணியும், ஏழைக் கிளர்ச்சிக்காரர்கள் தென்னை மட்டையை எரித்துப் புகை போடுவார்கள். இரண்டும் வேலை செய்யும். டிராவலரில் கப்பல்கள் லேசரைத் தடுக்க மணலை வீசும், அந்த யோசனையும் அதே வழிதான்.

மணல் என்றதும் மணவாளக்குறிச்சியைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே கடல் மணலிலிருந்து இல்மனைட், சிர்கான், கார்னெட், மோனசைட் ஆகியவற்றைப் பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். பிரிக்கிறது. மோனசைட்டில் நியோடிமியம் இருக்கிறது, திடநிலை லேசர்களின் பெயர்பெற்ற படிகத்தை ஒளிரவைப்பது அந்தத் தனிமம்தான். எதிர்காலக் கதையில் அந்தக் கரை யார் கையில் என்பதே ஒரு முழு ஆட்டத்துக்கான கரு. ஆனால் மணல் எடுப்பது கடலோர ஊர்களுக்கு இன்றும் வருத்தமும் எதிர்ப்பும் நிறைந்த விஷயம். மேசையில் அந்த ஊர்க்காரர் இருந்தால் முதலில் அவரிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.

படி 8: கண்கள்

இந்தப் படியை ஒதுக்காதீர்கள். 0.4 மைக்ரானிலிருந்து 1.4 மைக்ரான் வரையுள்ள ஒளியைக் கண்ணின் லென்ஸே விழித்திரையில் குவித்துவிடும். ஆளைத் துளைக்க முடியாத தூரத்திலும் லேசர் பார்வையைப் பறிக்கும். தகரத்திலோ படகின் கண்ணாடியிலோ பட்டுத் திரும்பும் ஒளிக்கும் அந்த வலு உண்டு. நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யப்படும் லேசர் ஆயுதங்களைத் தடைசெய்யும் பன்னாட்டு நெறிமுறை 1995இல் ஏற்கப்பட்டு 1998இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கதையில் அந்தத் தடை இன்னும் உயிரோடு இருக்கிறதா, யார் மீறுகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள்.

ஆட்டத்தில் 1.5 மைக்ரான் வகை ஒன்றையும் வையுங்கள். அந்த ஒளி விழித்திரையை எட்டும் முன் கண்ணின் முன்பகுதியிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும், சுற்றி நிற்பவர்களுக்கு ஆபத்து குறையும். ஆனால் அலைநீளம் ஒன்றரை மடங்கு என்பதால் கூர் எல்லை மூன்றில் இரண்டாகக் குறையும். ரைபிளுக்கு 100 மீட்டர் இருந்தது 67 ஆகும். மனிதர்கள் நிறைந்த கடற்கரையில் எதை எடுத்துப் போவது என்று ஆடுபவர்கள் தாங்களே விவாதிக்கத் தொடங்குவார்கள். எங்கள் மேசையில் அந்த விவாதம் சண்டையைவிட நன்றாக இருந்தது.

படி 9: விதியாக எழுதுங்கள்

கூர் எல்லைக்குள் பட்டால் சேதத்துக்கு ஐந்து ஆறுமுகப் பகடை, கவசத்துக்குப் பாதி மதிப்பு. அதற்கு மேல் நாலு மடங்கு தூரம் வரை இரண்டு பகடை, கவசத்துக்கு முழு மதிப்பு. அதையும் தாண்டினால் திறந்த தோலுக்குச் சுடுபுண், கண்களுக்கும் கேமராக்களுக்கும் ஆபத்து, துணியும் காய்ந்த ஓலையும் பற்றலாம்.

இலக்கு காண்தூரத்தின் கால் பங்குக்குள் இருந்தால் எதையும் குறைக்க வேண்டாம். கால் முதல் பாதி வரை பகடையைப் பாதியாக்குங்கள். பாதிக்கு மேல் காயமே இல்லை. நண்பகலில் தரைக்கு மேல் 200 மீட்டர் தாண்டினால் ஒரு பகடை குறைவு.

ஒவ்வொரு முறை சுடும்போதும் வெப்பப் புள்ளி ஒன்று. பத்தானால் ரைபிள் நின்றுவிடும். தண்ணீரைத் திறந்துவிட்டால் எல்லாப் புள்ளியும் போகும், இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

அவ்வளவுதான். ஒரு தாளில் அடங்கும்.

விண்வெளிக்குப் போனால்

காற்றுத் தொல்லை தீர்ந்தது, விரிவுத் தொல்லை மிஞ்சும். 1 மீட்டர் கண்ணாடியிலிருந்து கிளம்பும் 1 மைக்ரான் கதிர் 1000 கிலோமீட்டரில் 2.4 மீட்டர் அகலமாகிவிடும். நிலவில் வைத்த பிரதிபலிப்பான்களுக்குப் பூமியிலிருந்து லேசர் அனுப்பும்போது, அங்கே விழும் வட்டம் கிலோமீட்டர் கணக்கில் விரிந்துவிடுகிறது.

பெரிய சிக்கல் வெப்பம்தான். ஆவியாக்கத் தண்ணீரைச் சுமந்துகொண்டே இருக்க முடியாது, கதிர்வீசித்தான் தணிய வேண்டும். 10 மெகாவாட் ஒளி தரும் கப்பல் லேசருக்கு 20 மெகாவாட் கழிவு வெப்பம். அதை 600 கெல்வினில் இருபக்கமும் வீசும் தகடுகளால் தள்ள 1360 சதுர மீட்டர் தகடு வேண்டும். நம் கணக்கில் முப்பத்து மூன்றரைச் சென்ட் நிலம். அத்தனை பெரிய சிறகை விரித்துக்கொண்டு சண்டைக்குப் போகும் கப்பலில் எதிரி முதலில் எதைக் குறிவைப்பான் என்று ஆடுபவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுபடி முட்டம்

5 சென்டிமீட்டர் லென்ஸ், 3 கிலோமீட்டர். புள்ளி கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் அகலம். சாரலில் காண்தூரமும் 3 கிலோமீட்டர், ஆகவே 2 சதவீதம் மட்டுமே போய்ச் சேரும். சதுர சென்டிமீட்டருக்கு அரை ஜூலுக்குச் சற்று மேல். படகில் இருப்பவருக்குக் கொஞ்சம் கதகதப்பு. தை மாதத் தெளிவில் சுட்டிருந்தால் பாதிக்கு மேல் சேர்ந்திருக்கும், தோல் கொப்பளித்திருக்கும். படகு எந்தக் காலத்திலும் தீப்பிடித்திருக்காது.

அடுத்த ஞாயிறு அந்தக் காட்சியைத் திரும்ப ஆடினோம். ஜூனிலும் ஜூலையிலும் மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அந்த நேரத்தில் ஒரு விசைப்படகு வெளியே நிற்பதே சந்தேகத்துக்குரியது என்று குளச்சல் தங்கச்சி முதலிலேயே சொல்லிவிட்டாள். இந்த முறை யாரும் கலங்கரை விளக்கத்தில் ஏறவில்லை. கட்டுமரத்தில் இரண்டு பேர் இருட்டோடு இருட்டாகத் துடுப்புப் போட்டார்கள். 80 மீட்டர் வரை நெருங்கியதும் முன்னால் இருந்தவர் சட்டையைத் தூக்கி லென்ஸைத் துடைத்தார்.